வார்டுக்கு எவ்வளவு? ஏரியா சபா, பட்ஜெட், இன்ன பிற

வாசகர் ஒருவர், 11 ஜனவரி 2025:
பெங்களூரில் பட்ஜெட் போடுவதற்கு முன்னால் மக்களிடம் யோசனை கேட்கிறார்கள். அதற்கென்று ஒரு வண்டியே தெருத்தெருவாக வருகிறது. ஓசூரைத் தாண்டினால் பெங்களூர், நமக்கு மட்டும் ஏன் முடியாது? நம்ம ஆட்கள் கேட்பதே இல்லை. கேட்டாலே பாதி ஊர் திருந்திவிடும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதவும்.

12 ஜனவரி 2025, ஞாயிறு
மறுக்கிறேன். கேட்டாலே திருந்தும் என்றால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசு வாசலில் மனுவோடு நிற்கிற கூட்டத்துக்கு நம்ம மாவட்டம் இந்நேரம் சிங்கப்பூர் ஆகியிருக்க வேண்டும் தம்பி. கேட்பதில் நமக்குக் குறைச்சலே இல்லை.

முதலில் என்னைப் பற்றி. ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். பெண் பெங்களூரில் இருக்கிறாள், தம்பி குடும்பம் தர்மபுரியில். நான் இருப்பது கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற இரண்டு மாவட்டத்தில் ஏதோ ஒரு ஊர். எந்த ஊர், எந்த வார்டு என்று கேட்க வேண்டாம், இதே தெருவில்தான் இன்னும் குடியிருக்க வேண்டும்.

நீங்கள் சொல்கிற பெங்களூர் விஷயம் 'மை சிட்டி மை பட்ஜெட்'. ஜனாக்ரஹா என்ற அமைப்பும் பெங்களூர் பெரு மாநகராட்சியும் சேர்ந்து 2015 முதல் நடத்தியது. என் பெண்ணும் ஒரு தடவை நடைபாதை வேண்டும் என்று எழுதிப் போட்டு எனக்குப் போட்டோ அனுப்பினாள். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மன்றமே இல்லை. 2015-ல் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்களின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது, அதற்கப்புறம் தேர்தல் நடக்கவில்லை, அதிகாரிதான் பட்ஜெட் போடுகிறார். யோசனை கேட்கிறார்கள், ஓட்டு கேட்கவில்லை. இதில் எது பெரிது என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, நமக்கும் இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபா (வார்டில் ஒரு பகுதி மக்கள் கூடித் தங்கள் தேவைகளைச் சொல்கிற கூட்டம்) இரண்டுக்கும் 2022-ல் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் பகுதிக் கூட்டத்தில் போய் உட்கார்ந்தார். பகுதி சபாவை ஊரில் எல்லோரும் 'ஏரியா சபா' என்றுதான் சொல்கிறோம். எத்தனை பேர் போனோம்?

என் யோசனை சுலபமானது. ஓசூருக்கு 45 வார்டு, தர்மபுரிக்கு 33, கிருஷ்ணகிரிக்கு 33. மொத்த பட்ஜெட்டை வார்டு எண்ணிக்கையால் வகுத்து, வருகிற தொகையை வார்டு ஆபீசு சுவரில் பெயிண்டில் எழுதிவிட்டால் கூட்டம் தானாக வரும்.

13 ஜனவரி 2025
போகி. பழையதைக் கழிக்கிறேன் என்று வீட்டில் என் பழைய லெட்ஜர்களை எடைக்குப் போடப் பார்த்தார்கள். இரண்டை மீட்டேன்.

19 ஜனவரி 2025, ஞாயிறு
போன வாரம் எழுதிய வகுத்தல் கணக்கு தப்பு. யாரும் சுட்டிக்காட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு இது மானப் பிரச்சினை.

நகராட்சிக்கு ஒரே கல்லாப்பெட்டி கிடையாது. வருவாய் நிதி ஒன்று, குடிநீர் வடிகால் நிதி ஒன்று, தொடக்கக் கல்வி நிதி ஒன்று, மூன்றுக்கும் தனித்தனியாகப் பட்ஜெட். நீங்கள் கட்டுகிற சொத்து வரி ரசீதைக் கையில் எடுங்கள். அதிலேயே கல்விக்கு ஒரு பங்கு, குடிநீருக்கு ஒரு பங்கு பிரிந்து போகிறது, நூலக வரி பத்து சதவீதம் அதற்கு மேல். கல்வி நிதியில் பணம் கிடக்கிறது என்று அதை எடுத்துச் சாக்கடை கட்ட முடியாது.

வருவாய் நிதியில் வருகிற நூறு ரூபாயில் முதலில் உட்காருவது சம்பளமும் ஓய்வூதியமும். அப்புறம் தெருவிளக்குக்குக் கரண்டு பில், குப்பை அள்ளும் ஒப்பந்தம், பழைய கடனுக்குத் தவணை. சாலை, கால்வாய் என்று நாம் கண்ணால் பார்க்கிற பெரிய வேலைகளில் பாதிக்கு மேல் மாநில, மத்தியத் திட்டங்களில் வருகிற பணம், அந்தப் பணம் வரும்போதே எதற்கு என்று எழுதித்தான் வருகிறது. 15-ஆவது நிதிக்குழு மானியத்தைப் பாருங்கள். நம்ம அளவு நகரங்களுக்கு அதில் 60 சதவீதம் கட்டுப்போட்டது, பாதி துப்புரவு குப்பைக்கு, பாதி குடிநீருக்கு. மீதி 40-ல்தான் மன்றம் தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்யலாம்.

ஆக, "மொத்தத்தை வார்டால் வகு" என்று நான் சொன்னது, வீட்டு வருமானத்தை நாலு பேரால் வகுத்து, வாடகையும் பால்காசும் கட்டாமல் நாலு பேருக்கும் பங்கு கொடு என்பது போல. மன்னிக்கவும். பொது நிதியில் (நகராட்சியின் சொந்தப் பணத்துக்கு ஆபீசில் இதுதான் பெயர்) வேலைகளுக்கு என்று மிஞ்சுவதைத்தான் வகுக்க வேண்டும். அது எவ்வளவு என்று தெரிந்தால் சுவரில் எழுதச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும்.

2 பிப்ரவரி 2025
டிசம்பரில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருந்தேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. எங்கள் மன்றத்தின் பட்ஜெட் நகல் கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கியாச்சு. ராத்திரி பன்னிரண்டு வரை படித்தேன். மனைவி வந்து, ரிட்டயர் ஆன அப்புறமும் இதுதானா என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சுவாரசியமான விஷயம் ஒன்றே ஒன்று. அதில் வார்டு என்ற சொல் வேலைகளின் பட்டியலில்தான் வருகிறது, வரவு பக்கத்தில் எங்கேயும் கிடையாது. எங்கள் வார்டிலிருந்து எவ்வளவு வரி வசூல், எங்கள் வார்டுக்கு எவ்வளவு செலவு என்று இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்க்க வழியில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷாப்புக்கும், அதாவது வேலைப் பிரிவுக்கும், தனிச் செலவுக் கணக்கு வைத்திருந்தோம், பெயிண்ட் ஷாப்பில் ஒரு டின் அதிகம் செலவானால் மாதக் கடைசியில் தெரிந்துவிடும்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு
ஏரியா சபாவுக்குப் போய் வந்தேன். விவரமாக எழுதுகிறேன், போகாதவர்கள் படிக்கட்டும்.

சமுதாயக் கூடத்தில் வைத்தார்கள். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், நாற்பது பேர் வந்திருப்பார்கள், அதில் பதினைந்து பேர் மகளிர் குழு. கவுன்சிலர், ஜே.இ. (நகராட்சியின் இளநிலைப் பொறியாளர்), சுகாதார ஆய்வாளர், பில் கலெக்டர் எல்லோரும் இருந்தார்கள். நேரத்துக்குத் தொடங்கினார்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். கவுன்சிலர் பொறுமைசாலி, கத்தினாலும் சிரித்துக்கொண்டே கேட்டார்.

ஒரு லாங் சைஸ் நோட்டில் ஒவ்வொருவராகச் சொல்வதை எழுதிக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் நானும் நோட்டீசின் பின்பக்கத்தில் வரிசை எண் போட்டுக் குறித்துக்கொண்டேன். 27 கோரிக்கை. அதில் நகராட்சிக்குச் சம்பந்தமே இல்லாதவை 9: பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, தாழ்வாகத் தொங்கும் கரண்டு கம்பி, பஸ் நிற்காமல் போவது, ஒருவருடைய மருமகன் பிரச்சினை. மீதி 18. என் பங்குக்கு நான் கேட்டது, மெயின் ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்புகிற இடத்தில் ஒரு சிறுபாலம். மழை வந்தால் அங்கே முழங்கால் தண்ணீர்.

நடுவில் ஒரு கூத்து. லைன் வீட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, எதையும் கேட்காமல், "போன தடவை எழுதினது என்னாச்சுங்கண்ணா?" என்றார். கவுன்சிலர், "பாத்துக்கலாம்மா, இந்தத் தடவை என்ன வேணும் சொல்லு" என்றார். அக்கா உட்காரவில்லை. "இந்தத் தடவை எதுவும் வேணாம். போன தடவை எழுதினதுல என்னாச்சு, அதச் சொல்லுங்க." பின்னாலிருந்து யாரோ, உட்காரும்மா நேரமாகுது என்றார்கள். எனக்கும் எரிச்சல்தான். என் சிறுபாலம் இன்னும் நோட்டில் ஏறவில்லை, இவர் பழைய கதையைக் கிளறுகிறாரே என்று இருந்தது.

டீ, இரண்டு பிஸ்கட். பன்னிரண்டரைக்கு முடிந்தது.

10 பிப்ரவரி 2025
மருமகன் பிரச்சினை என்னவென்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பட்ஜெட் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

8 மார்ச் 2025
"மக்களே பட்ஜெட் போடும் ஊர் உலகத்தில் எங்காவது உண்டா" என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. போர்த்தோ அலெக்ரே, பிரேசிலின் தெற்கே இருக்கிற பெரிய நகரம். 1988 தேர்தலில் தொழிலாளர் கட்சி ஜெயித்தது, ஒலிவியோ துத்ரா மேயர் ஆனார், 1989-ல் தொடங்கினார்கள். ஊரை 16 வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கூட்டம் போட்டு, எது முதலில் வேண்டும் என்று மக்களே வரிசைப்படுத்தினார்கள்.

இதில் எல்லோரும் ஒரு கட்டத்தைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள். ஆரம்ப வருஷங்களில் அது சொதப்பல். நகராட்சி வருவாயில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மக்களைக் கூப்பிட்டு ஆசையாக எழுதி வாங்கிவிட்டுச் செய்யப் பணமில்லை, அடுத்த வருஷக் கூட்டத்துக்கு ஆள் குறைந்தது. 1988-ல் வந்த அரசியல் சட்டத்தால் நகரங்களுக்கு வரிப் பங்கு கூடியதும், இவர்களே சொத்து வரியைத் திருத்தியதும் சேர்ந்துதான் கையில் காசு வந்தது. (ஜனவரி 19 குறிப்பில் நான் வெட்கப்பட்டேனே, அதே கதை.) அப்புறம்தான் பேர் வாங்கியது. குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1988-ல் 75 சதவீத வீடுகளுக்கு இருந்தது 1997-ல் 98 சதவீதம் ஆனது.

பணத்தைப் பிரித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. சத்தம் போட்டவனுக்கு இல்லை. மூன்று விஷயத்துக்கு மார்க் போட்டார்கள்: அந்த வட்டாரத்தில் எத்தனை பேர், அவர்கள் கேட்கிற வசதி அங்கே எவ்வளவு இல்லை, அவர்கள் அதை எத்தனாவது இடத்தில் வைத்தார்கள். இல்லாதவனுக்குக் கூடுதல் மார்க். நம்ம பக்கம் இப்படிப் போட்டால் எங்கள் தெருவுக்குப் பத்து வருஷத்துக்கு ஒன்றும் கிடைக்காது, லைன் வீடுகளுக்கு எல்லாம் போகும். நியாயம்தான், ஆனால் கூட்டத்தில் கை தூக்க எனக்கு மனசு வருமா என்று தெரியவில்லை.

2004-ல் அந்தக் கட்சி தோற்றது. அடுத்து வந்தவர்கள் பெயரை வைத்துக்கொண்டு சத்தைக் குறைத்தார்கள், 2017-ல் நிறுத்தியே விட்டார்கள்.

9 மார்ச் 2025
கேரளாவை விட்டுவிட்டேன் என்று ஒரு குறுஞ்செய்தி. சரி. 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டம் தொடங்கினார்கள். மாநிலத்தின் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டு, "இப்போது திட்டம் போடுங்கள்" என்றார்கள். பணத்தை முதலில் வைத்தார்கள், கூட்டத்தை அப்புறம். புனேயிலும் 2006 முதல் வார்டு மக்கள் வேலை சொல்லலாம், ஒரு வேலைக்கு 5 லட்ச ரூபாய் உச்சவரம்பு. உச்சவரம்பு இருப்பது நல்லது, மேம்பாலம் கேட்க மாட்டார்கள்.

30 மார்ச் 2025
எங்கள் பட்ஜெட் நிறைவேறிவிட்டது. சிறுபாலம் இல்லை.

பிப்ரவரியில் கேட்டதை மார்ச் பட்ஜெட்டில் தேடியது என் மடத்தனம். எஸ்டிமேட் போட வேண்டும், தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, மன்றத்தில் பொருள் வைத்துத் தீர்மானம், அப்புறம் டெண்டர். கோரிக்கையை ஐப்பசி கார்த்திகையிலேயே வாங்கினால்தான் மார்ச்சுக்கு ஒரு உருவம் கிடைக்கும். தொழிற்சாலையில் அடுத்த வருஷ பட்ஜெட்டுக்கு ஒவ்வொரு ஷாப்பிலிருந்தும் நவம்பரில் காகிதம் வந்தாக வேண்டும், டிசம்பரில் வந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். என்னிடமே திட்டு வாங்கிய ஃபோர்மேன்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

27 ஏப்ரல் 2025
அரையாண்டு சொத்து வரி கட்டியாச்சு. முப்பதாம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதற்காக வருஷத்துக்கு இரண்டு தடவை முதல் ஆளாக நிற்பவன் நான்.

2022 ஏப்ரல் உயர்வில் என் 980 சதுர அடி வீட்டுக்கு 50 சதவீதம் ஏறியது. 600 அடி வரை 25, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 என்று நம்ம மாதிரி ஊர்களுக்குப் போட்டார்கள். அப்புறம் வருஷா வருஷம் 6 சதவீதம் ஏற்றலாம் என்று வழி செய்தார்கள். மத்திய நிதிக்குழு மானியம் வேண்டுமானால் சொத்து வரியை வளர்ச்சிக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே வர வேண்டும் என்று நிபந்தனை, அதனால் இது சென்னையில் உட்கார்ந்து மாநில அரசு மட்டும் எடுத்த முடிவும் அல்ல. கோபமாக எழுத உட்கார்ந்தேன், ஆனால் போர்த்தோ அலெக்ரே விஷயத்தில் வரியை ஏற்றியதால்தான் வேலை நடந்தது என்று நானே போன மாதம் மெச்சியிருக்கிறேன். பழைய குறிப்புகளை வைத்திருப்பதில் இதுதான் தொந்தரவு.

15 ஜூன் 2025
மாம்பழ சீசன், கிருஷ்ணகிரி ரோட்டில் பெங்களூரா லோடு வண்டிகள் வரிசை. இந்த இழை தூங்கிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார், தூங்கவில்லை.

ஒரு நல்ல சேதி. எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே புதிதாக எல்.இ.டி. தெருவிளக்கு போட்டிருக்கிறார்கள். பளிச்சென்று இருக்கிறது, வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். நான் கேட்கவே இல்லை. முதல் கேள்வி எழுதிய தம்பிக்கு: கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது கிடைத்தது.

சிறுபாலத்துக்கு ஒரு நண்பர் வழி சொன்னார், நமக்கு நாமே திட்டம். செலவில் மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு தரும். தெருவில் பேசிப் பார்த்தோம். சொந்த வீட்டுக்காரர்கள் பத்துப் பதினோரு பேர் தயார், வாடகைக்கு இருப்பவர்கள் எதற்குக் கட்ட வேண்டும் என்றார்கள், அதுவும் நியாயம். பங்கு போட முடிகிற தெரு முந்திக்கொள்ளும், முடியாத தெரு பின்னால் நிற்கும் என்பதும் தெரிகிறது. லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறைக்கு வாடகை கட்டவே திணறுகிறவர்களிடம் போய் மூன்றில் ஒரு பங்கு என்று எப்படிக் கேட்பது? திட்டத்தைக் குறை சொல்லவில்லை, எங்கள் தெரு போன்றவற்றுக்கு நல்ல திட்டம். நாங்களும் பேசினோமே தவிர காசு சேரவில்லை.

13 ஜூலை 2025
"வார்டு கூட்டத்தால் எல்லாமே தீரும் போலப் பேசுகிறீர்கள்" என்று ஒரு குத்தல். நான் பேசவில்லை, இருந்தாலும் பதில்.

என் பல்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவன், சின்ன வயதில் குடித்தது ஃபுளூரைடு தண்ணீர், முன்பல் இரண்டும் பழுப்புக் கறை. பள்ளிக்கூட போட்டோ எதிலும் நான் சிரித்திருக்க மாட்டேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான், பொடி வைத்துத் தேய்த்தால் போகும் என்று தேய்த்துத் தேய்த்து ஈறு புண்ணானதுதான் மிச்சம். அது எந்தப் பஞ்சாயத்து மனுவாலும் தீரவில்லை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வர வேண்டியிருந்தது: ஜப்பான் கடன், 1,928.80 கோடி ரூபாய், 2008 பிப்ரவரியில் கலைஞர் அடிக்கல், 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். இரண்டு ஆட்சியும் சேர்ந்து முடித்த வேலை. என் பேரப்பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள்.

அப்படிப்பட்டதை வார்டில் முடிவு செய்ய முடியாது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் வார்டு தொட்டிக்கு வந்தும் கடைசித் தெருவுக்கு ஏறவில்லை என்றால், அதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். குழாய் எதுவரைக்கும் குடிநீர் வாரியத்துடையது, எங்கிருந்து நகராட்சியுடையது என்று கூட்டத்தில் ஒருவர் விளக்கினாலே பாதிச் சண்டை குறையும்.

7 செப்டம்பர் 2025
பெங்களூரை ஐந்தாக வெட்டிவிட்டார்கள். செப்டம்பர் 2 முதல் மத்தி, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சி, மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம், அதற்குத் தலைவர் முதலமைச்சர். 2007-ல் சுற்று வட்டாரத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார்கள், 18 வருஷத்தில் பிரிக்கிறார்கள். தேர்தல் மட்டும் இன்னும் நடக்கவில்லை. என் பெண்ணிடம், இப்போது நீ எந்த மாநகராட்சி என்று கேட்டேன், குப்பை வண்டி வந்தால் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

நாம் கொடுத்துவைத்தவர்கள், இங்கே மன்றமாவது இருக்கிறது.

8 செப்டம்பர் 2025
மேலே உள்ள கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் பார்த்தேன். நமக்கும் 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்தான். ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆனபோது அதற்கு ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது, முதல் மேயரே 2022-ல்தான் வந்தார். பெங்களூரைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் தொகை உள்ள நகரங்களில்தான் வார்டு குழு கட்டாயம் என்கிறது. 2011 கணக்கில் ஓசூரே, சுற்றுப் பஞ்சாயத்துகளைச் சேர்த்தும் சுமார் இரண்டரை லட்சம். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் எழுபதாயிரத்தை ஒட்டித்தான். அரசியல் சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் நம்ம பக்கம் ஒரு ஊருக்கும் வார்டு குழு கிடையாது. மாநில விதிகளால்தான் நமக்குக் கிடைத்தது. கிராமத்துக்காரனுக்கு 1994 பஞ்சாயத்துச் சட்டத்திலிருந்தே கிராம சபை இருக்கிறது, டவுனுக்குக் குடிவந்தவன் 2022 வரை கூட்டம் என்றாலே கட்சிக் கூட்டம் என்றுதான் இருந்தான்.

12 அக்டோபர் 2025, ஞாயிறு
நான் பிப்ரவரி 9 எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'நடுவில் ஒரு கூத்து' என்று எழுதியிருக்கிறேன். அந்த அக்கா கேட்டதைக் கூத்து என்று எழுதிய கையை என்ன செய்வது?

போர்த்தோ அலெக்ரே பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டேன், முக்கியம் என்று தோன்றாததால் விட்டேன். அவர்களுடைய வருஷம் கோரிக்கையோடு தொடங்கவில்லை. மார்ச், ஏப்ரலில் நடந்த முதல் சுற்றுக் கூட்டத்தில் முதல் வேலையே, போன வருஷம் ஒத்துக்கொண்டது என்ன, எது முடிந்தது, எது முடியவில்லை, ஏன் என்று நகராட்சி எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் புதிதாக என்ன வேண்டும் என்ற பேச்சு. லைன் வீட்டு அக்கா பிரேசில் பற்றி எதுவும் படித்திருக்க மாட்டார். நான் படித்துவிட்டு, மார்க் போடுவது, வட்டாரம் பிரிப்பது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு இதை விட்டிருக்கிறேன்.

31 வருஷம் ஒவ்வொரு மாதமும் போன மாத இருப்பைத் தூக்கி எழுதிவிட்டுத்தான் புதுப் பக்கம் தொடங்கினேன். ஓப்பனிங் பேலன்ஸ் இல்லாத லெட்ஜரை ஆடிட்டர் தொடக்கூட மாட்டார். எங்கள் ஏரியா சபா நோட்டில் ஓப்பனிங் பேலன்ஸ் இல்லை, ஒவ்வொரு கூட்டமும் புது நோட்டு மாதிரி.

நோட்டீசின் பின்பக்கம் குறித்த பட்டியல் பத்திரமாக இருந்தது. நாளைக்கு எடுத்துக்கொண்டு ஜே.இ.யைப் பார்க்கப் போகிறேன்.

15 அக்டோபர் 2025
பார்த்தேன். விரட்டுவார் என்று நினைத்துப் போனேன், உட்காரச் சொன்னார். சின்னப் பையன், என் மகன் வயதுகூட இருக்காது. "சார், இதுவரைக்கும் ஒருத்தரும் பட்டியலோட வந்ததில்ல" என்று சொல்லி, கம்ப்யூட்டரையும் இரண்டு ஃபைலையும் திறந்து ஒவ்வொன்றாக டிக் போட்டார். 18-ல் முடிந்தது 4, எஸ்டிமேட் போட்டது 5, டெண்டரில் இருப்பது 2, அசையாதது 7. இவ்வளவும் அவரிடம் இருக்கிறது! கூட்டத்தில் படித்துக்காட்ட யாரும் சொல்லவில்லை, அவராகப் படிக்கவும் இல்லை.

என் சிறுபாலம் அந்த 7-ல். தண்ணீர் போகிற அந்த வாய்க்கால் ஏரியின் உபரிநீர்க் கால்வாய், நீர்வளத் துறையுடையது, அவர்கள் தடையின்மைச் சான்று கொடுத்தால்தான் நகராட்சி கை வைக்க முடியும். பிப்ரவரியிலேயே இதை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நான் பட்ஜெட்டில் தேடியிருக்க மாட்டேன், நமக்கு நாமே என்று தெருவெல்லாம் சுற்றியிருக்கவும் மாட்டேன்.

முடிந்த 4-ல் ஒன்று தெருவிளக்கு. எங்கே என்று கேட்டேன். குறுக்குத் தெரு மேற்கு என்றார். அது என் தெரு. நான் விளக்கு கேட்கவில்லையே என்றேன். பழைய நோட்டை எடுத்துப் பார்த்தார். பிப்ரவரிக்கு முந்தின கூட்டத்தில் எழுதியது, குறுக்குத் தெரு கிழக்கு, லைன் வீடு, ஒரு விளக்கு. அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுதும்போது கிழக்கு மேற்காகிவிட்டது.

ஜூன் மாதத்திலிருந்து அந்த அக்காவின் விளக்கில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன்.

16 அக்டோபர் 2025
விளக்கைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஜே.இ.யிடம் நானும் அதையே கேட்டேன். கழற்றுவதைவிடப் புதிதாக ஒன்று போடுவது சுலபம், கழற்ற ஒரு எஸ்டிமேட் தனியாக வேண்டும் என்றார்.

அக்காவைப் போய்ப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "உங்க வீட்டு முன்னாடியா இருக்கு? போட்டுட்டாங்கன்னு சொல்லி ஃபைல மூடியிருப்பாங்க" என்றார். சரியாகச் சொன்னார், மூடித்தான் இருந்தார்கள்.

2 நவம்பர் 2025, ஞாயிறு
அடுத்த சபா நடந்து முடிந்தது. 18 வரியையும் ஒரு சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினோம். அக்காதான் படித்தார். பதினொன்றாவது வரிக்குள் கவுன்சிலருக்கே விளக்கம் சொல்லும் உற்சாகம் வந்துவிட்டது, டெண்டரில் இருக்கிற இரண்டும் தான் மன்றத்தில் சண்டை போட்டு வாங்கியது என்றார். உண்மையாகவும் இருக்கலாம், இதற்கு முன்னால் அவரையும் யாரும் கேட்டதில்லையே. நீர்வளத் துறைக்கு எழுதிய கடிதத்தின் நகல் எனக்கு வேண்டும் என்றேன், தேதி குறித்துக்கொண்டார்கள். விளக்கு கிழக்குத் தெருவுக்கு என்று அக்கா முன்னாலேயே பெரிய எழுத்தில் எழுதி, அடியில் கோடு போட்டார் ஜே.இ.

பழைய பட்டியலுக்கே முக்கால் மணி நேரம் ஆனது. புதுக் கோரிக்கை எட்டுதான் வந்தது. எழுதும் வேலை இந்தத் தடவை என் தலையில். அதில் ஏழாவதைக் கேட்டவர் தானே எழுதித்தருகிறேன் என்று நோட்டை வாங்கினார், கையெழுத்து புரியவில்லை. 'கல்வெட்டு' (சிறுபாலத்தை இப்படியும் சொல்வார்கள்) என்றும் படிக்கலாம், 'கழிவறை' என்றும் படிக்கலாம். இதைப் படிக்கிறவர் அவராக இருந்தால் சொல்லவும், புதன்கிழமைக்குள் ஜே.இ.யிடம் நகல் கொடுக்க வேண்டும்.